கேதார்தால், தார்சர், டோடிதால்: முதல் மலையேரி நடைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

சாலை முடியும் இடத்திலிருந்து கணக்கிட்டால், உத்தரகண்டில் உள்ள கேதார்தால் ஏரிக்கு 18 கிலோமீட்டர். அதே மாநிலத்தின் டோடிதாலுக்கு 21 அல்லது 22 கிலோமீட்டர். காஷ்மீரின் தார்சருக்கும் ஏறத்தாழ அதே தொலைவுதான். மூன்றும் இமயமலை ஏரிகள், மூன்றையும் நடந்தே அடைய வேண்டும், மூன்றுக்கும் தமிழ்நாட்டிலிருந்து புறப்பட்டுத் திரும்ப ஏறத்தாழ ஒரே அளவு விடுப்பு தேவைப்படும். ஆகவே, வெள்ளியங்கிரியும் பர்வதமலையும் ஏறிப் பழகிய ஒருவர், தம் முதல் இமயமலை ஏரியைத் தேர்ந்தெடுக்கும்போது தொலைவைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. படங்களைக் கொண்டு முடிவு செய்தால் கேதார்தாலே வெல்லும், ஏனெனில் 6,904 மீட்டர் உயரமுள்ள தலய் சாகர் சிகரம் தன் பனிச்சுவர் முழுவதும் தெரிய ஏரியின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் காட்சிக்கு மற்ற இரண்டிலும் ஈடில்லை. அப்படியிருந்தும் முதல் பயணத்திற்குக் கேதார்தாலைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் கருத்து. அழகையும் தொலைவையும் ஒப்பிடுவதற்கு முன்னால், ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில் படுத்து உறங்கப் போகிறோம் என்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் இந்த மூன்று வழிகளும் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் நிற்கின்றன.

தென்னிந்தியர்களுக்கு இதில் ஓர் இயல்பான குறை உண்டு. தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். தென்னிந்தியா முழுவதற்கும் உயர்ந்ததாகிய ஆனைமுடி 2,695 மீட்டர். அதாவது, ஆக்சிஜன் குறைவால் வரும் உயர்மலை நோய் பரவலாகத் தலைகாட்டும் உயரம் எதுவும் நம் பக்கத்தில் இல்லை. எவ்வளவு பயிற்சி செய்தாலும் அந்த உயரத்தில் நம் உடல் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஊரில் இருந்தபடி அறிய வழியில்லை. கடல்மட்டத்தில் உள்ள காற்றழுத்தத்தோடு ஒப்பிட்டால் 3,000 மீட்டரில் ஏறத்தாழ 70 விழுக்காடும், 3,800 மீட்டரில் 63 விழுக்காடும், 4,700 மீட்டரில் பாதிக்குச் சற்றே மேலும்தான் இருக்கும். மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவில் குறைகிறது. இந்தக் குறைவுக்கு உடல் பழகிக்கொள்ள நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கால்வலிமையால் ஈடுகட்ட முடியாது. மாரத்தான் ஓடுகிறவருக்கும் தலைவலியும் குமட்டலும் வரலாம், கூட வந்த ஐம்பது வயதுக்காரர் நிம்மதியாக உறங்கலாம். பெரும்பாலும் புதிய உயரத்தை அடைந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்திற்குள்தான் அறிகுறிகள் தோன்றுகின்றன என்பதால், பகலில் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கும் உயரத்தைவிடப் படுத்து உறங்கும் உயரமே முதன்மையானது. 3,000 மீட்டருக்கு மேல் ஓர் இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே உறங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஒரு நாள் தங்க வேண்டும் என்பது உயர்மலை மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட வழிகாட்டுதல்.

நடப்பதால்தான் இந்த நோய் வருகிறது என்று எண்ணுகிறவர்கள் இமாசலப் பிரதேசத்தின் சந்திரதாலை நினைத்துப் பார்க்கலாம். 2005-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அந்த ஏரி ஏறத்தாழ 4,250 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், கரைக்கு ஒரு கிலோமீட்டர் முன்புவரை வண்டி போகிறது. 2020-இல் அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு மணாலியிலிருந்து ஒரே நாளில் அங்கே போய்விடலாம். மணாலியின் உயரமோ ஏறத்தாழ 2,050 மீட்டர். காலையில் அங்கே சிற்றுண்டி உண்டுவிட்டு மாலையில் 4,200 மீட்டரில் கூடாரத்திற்குள் படுப்பவர், ஓர் அடிகூட ஏறி நடக்காமலேயே அன்றிரவு மிகுந்த துன்பத்திற்கு ஆளாகலாம்.

இனி மூன்று வழிகளின் இரவுகளைப் பார்ப்போம். கேதார்தாலுக்குப் போகிறவர் உத்தரகாசியில் ஏறத்தாழ 1,150 மீட்டரில் தங்கிவிட்டு, அடுத்த நாள் நூறு கிலோமீட்டர் வண்டியில் சென்று கங்கோத்ரியில் சுமார் 3,100 மீட்டரில் படுக்கிறார். நடை தொடங்குவதற்கு முன்பே ஒரே பகலில் இரண்டாயிரம் மீட்டர் ஏறியாகிவிட்டது. அதற்கடுத்த இரவு போஜ் கரக்கில் ஏறத்தாழ 3,800 மீட்டர், அதற்கும் அடுத்த இரவு கேதார் கரக்கில் 4,250 மீட்டருக்கு மேல், மறுநாள் காலை 4,700 மீட்டரை ஒட்டிய ஏரிக்கரை. வழக்கமான பயணத் திட்டங்கள் இப்படித்தான் அமைந்திருக்கின்றன. மேலே சொன்ன வழிகாட்டுதலோடு வைத்துப் பார்த்தால் போஜ் கரக் இரவே வரம்பைத் தாண்டிவிடுகிறது. தார்சர் வழியில் ஸ்ரீநகர் ஏறத்தாழ 1,600 மீட்டர், ஆரு சிற்றூர் 2,400, லித்தர்வட் 2,750-ஐ ஒட்டியது, ஷேக்வாஸ் 3,400-ஐ ஒட்டியது, தார்சர் கரை ஏறத்தாழ 3,800. லித்தர்வட்டுக்கும் ஷேக்வாஸுக்கும் இடையில் மட்டும் ஏற்றம் சற்று மிகுதி. மற்ற இடங்களில் உடலுக்கு நேரம் கிடைக்கிறது. டோடிதாலில் இந்தக் கவலையே பெரிதாக எழுவதில்லை. உத்தரகாசியிலிருந்து அகோடா கிராமத்தில் ஏறத்தாழ 2,250 மீட்டர், இடையில் இன்னோர் இரவு, பிறகு 3,000 மீட்டரைச் சற்றே தாண்டிய ஏரிக்கரை. இந்த எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் டோடிதால் முதலிலும் கேதார்தால் கடைசியிலும் வர வேண்டும். ஆனால் இரவுகளின் கணக்கோடு பாதையின் தன்மையையும், நோயுற்றால் இறங்கும் வழியையும், விடுப்புக் கிடைக்கும் மாதத்தையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

கேதார்தால் பாதை கங்கோத்ரிக் கோயிலை அடுத்தே செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது. ஆழத்தில் இரைந்தோடும் கேதார் கங்கையின் பள்ளத்தாக்கை ஒட்டி, வெண்பட்டை உரியும் பூர்ஜ மரக் காட்டின் வழியாக மேலேறும் இந்தப் பாதையில், கையையும் ஊன்றிக் கடக்க வேண்டிய பாறைச்சரிவு ஒன்று உண்டு. வழிகாட்டிகள் அதைச் சிலந்திச் சுவர் என்கிறார்கள். போஜ் கரக்கைத் தாண்டியதும் மண்ணும் கல்லும் ஓயாமல் சரியும் ஒரு பகுதி வருகிறது. வெயில் ஏறி, இரவில் உறைந்திருந்த சரிவு இளகும்போது கற்கள் உருளத் தொடங்கும் என்பதால் அதிகாலையிலேயே அதைக் கடந்துவிட வேண்டும். திரும்பும்போதும் அதே விதிதான். கேதார் கரக் புல்வெளியில் பரல் என்னும் மலையாடுகள் கூட்டங்கூட்டமாக மேய்வதைப் பார்க்கலாம். அதற்கு மேல் ஏரிவரை பனியாறு விட்டுச்சென்ற கற்குவியல்தான்; கால் வைத்த கல் அசையுமா அசையாதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து நடக்க வேண்டிய இடம், அதுவும் மூச்சு வாங்கும் உயரத்தில். இந்தப் பாதையில் கோவேறு கழுதைகள் செல்ல முடியாது. கூடாரம், அடுப்பு, அரிசி என எல்லாமே மனித முதுகில்தான் ஏறுகின்றன. அதனால் ஆட்கூலி கூடுகிறது என்பது சிறிய செய்தி. உடல்நிலை கெட்ட ஒருவரை ஏற்றி அனுப்ப எந்த விலங்கும் இல்லை என்பதுதான் பெரிய செய்தி. கங்கோத்ரி பன்னிரண்டு கிலோமீட்டர் கீழேதான் இருக்கிறது என்றாலும், தலை சுற்றும் ஒருவரைக் கைத்தாங்கலாக அந்தப் பாறைச்சரிவில் இறக்குவது எளிதான காரியம் அன்று.

தார்சர் பாதை இதற்கு நேர்மாறானது. பஹல்காமிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆருவில் தொடங்கி, லித்தர் ஆற்றின் கிளையை ஒட்டிப் பைன் காடுகளையும் குஜ்ஜர், பக்கர்வால் இடையர்களின் கல்லும் மரமுமான குடில்களையும் கடந்து, புல்வெளிகளின் வழியாகவே பாதை போகிறது. இடையர்கள் கோடையில் ஆடுகளோடும் குதிரைகளோடும் அங்கேயே தங்கியிருப்பதால் வழியில் மனித முகங்கள் தென்படும். குதிரைகள் ஏரிவரை சுமையோடு செல்லும்; தேவைப்பட்டால் சுமையை இறக்கிவிட்டு மனிதரை ஏற்றிக்கொண்டு இறங்கவும் செய்யும். தார்சர் கரையில் ஓரிரவு தங்கி, ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரமுள்ள கணவாயைக் கடந்து சுந்தர்சருக்குச் சென்று, அங்கிருந்து ஒரு மேட்டில் ஏறி, கீழே கரிய நீரோடு கிடக்கும் மார்சரைப் பார்ப்பது வழக்கம். மார்சர் பெரும்பாலான பகல்களில் மேகத்திற்குள் மறைந்துவிடும். அதைக் காணாமலே திரும்பியவர்கள் பலர். ஒரே மலைத்தொடரின் இரு பக்கங்களில் கிடந்தாலும், தார்சரின் நீர் லித்தருக்கும் மார்சரின் நீர் தாச்சிகாம் காடுகள் வழியாக ஸ்ரீநகரின் தால் ஏரிக்கும் போய்ச் சேர்கின்றன. சுந்தர்சரிலிருந்து வந்த வழியே திரும்பாமல் ஹோம்வாஸ் வழியாக லித்தர்வட்டுக்கு நேராக இறங்கிவிட முடியும் என்பது, இந்த வழியைப் பாதுகாப்பானது என்று நான் கருதுவதற்கு இன்னொரு காரணம்.

டோடிதாலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சாலை முடியும் சங்கம்சட்டியிலிருந்து அகோடா கிராமம் வழியாகக் கருவாலி (ஓக்) மரங்களும் ரோடோடென்ட்ரான் மரங்களும் அடர்ந்த காட்டுக்குள் சீராக ஏறும் அகலமான பாதை, கழுதைகள் போகும், வழியில் தேநீர்க் கடைகள் உண்டு. ஏரியில் டிரவுட் மீன்கள் இருக்கின்றன. கரையில் அன்னையோடு பிள்ளையாருக்கும் கோயில் இருக்கிறது. பிள்ளையார் பிறந்த இடமே இதுதான் என்று அவ்வூர் மக்கள் நம்புகிறார்கள். குறை என்னவென்றால், காட்டின் நடுவே இருக்கும் இந்த ஏரியைச் சுற்றி நெருங்கிய பனிச்சிகரம் எதுவும் இல்லை. இமயமலைக்குப் போய்க் கொடைக்கானல் காட்டை ஒத்த ஓரிடத்தைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சிலர் ஏமாற்றம் அடைவார்கள். அதற்கு மாற்றாக, ஏரிக்கரையில் இரண்டு இரவுகள் தங்கி, நடுவிலுள்ள நாளில் ஏறத்தாழ 4,150 மீட்டர் உயரமுள்ள தார்வா கணவாய்க்கு ஏறி, 6,316 மீட்டர் பந்தர்பூஞ்சைக் கண்ணெதிரே பார்த்துவிட்டு மீண்டும் 3,000 மீட்டருக்கே வந்து படுக்கலாம். மேலே ஏறிப் பார்த்துவிட்டுக் கீழே உறங்குவது உடலுக்கு மிகவும் உகந்த முறை. தம் உடல் 4,000 மீட்டரை எப்படித் தாங்குகிறது என்பதைக் குறைந்த இடரோடு அறிந்துகொள்ள இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

பட்டியலில் ஏன் இன்னும் இரண்டு புகழ்பெற்ற பெயர்கள் இல்லை என்று சிலர் கேட்கக்கூடும். எலும்புக்கூடுகளால் உலகறிந்த ரூப்குண்டுக்கான வழி, உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் மலைப்புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்த பிறகு பழைய முறையில் நடக்க முடியாததாகிவிட்டது. சோனாமார்க்கில் தொடங்கி நாராநாகில் முடியும் காஷ்மீர்ப் பேரேரிகள் வழி ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர். விஷன்சர், கிருஷன்சர், கத்சர், கங்காபல் என ஏரிகள் வரிசையாக வரும், அழகில் குறையே சொல்ல முடியாது. ஆனால் நடைக்கு நடுவில் இருக்கும்போது எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமானாலும் ஓர் உயர்ந்த கணவாயை ஏறிக் கடந்தாக வேண்டும். இறங்குவதே மருந்து என்னும் நோய்க்கு, ஏறித்தான் இறங்க முடியும் என்ற வழி முதல் பயணத்திற்கு ஏற்றதன்று.

மாதக் கணக்கு இதையெல்லாம் தலைகீழாக்கவும் கூடும். உத்தரகண்டில் ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதிவரை பருவமழை. கங்கோத்ரிச் சாலையில் மண்சரிவு வாடிக்கை. 2025 ஆகஸ்ட் 5 அன்று ஹர்சிலை அடுத்த தராலி கிராமத்தைக் கீர் கங்கா ஓடையின் சேற்று வெள்ளம் மூடியது அந்தச் சாலையில்தான். டோடிதால் பக்கமும் விலக்கன்று. 2012 ஆகஸ்டில் அசி கங்கையில் வந்த வெள்ளம் அந்தப் பள்ளத்தாக்கின் பாலங்களை அடித்துச் சென்றது. காஷ்மீர்ப் பள்ளத்தாக்கையோ பீர் பஞ்சால் மலைத்தொடர் பருவமழையிலிருந்து பெருமளவு காக்கிறது; ஆகவே தார்சருக்கு ஜூலை முதல் செப்டம்பர்வரைதான் பருவம், மே மாதத்தில் அங்கே பனி மூடியிருக்கும். பள்ளிக் கோடை விடுமுறையில் மட்டுமே போக முடிகிற குடும்பத்தினருக்கு டோடிதால் ஒன்றே பொருந்தும், ஏனெனில் மே மாதத்தில் கேதார்தாலின் மேற்பகுதியும் பனியில் கிடக்கலாம். ஆயுத பூசையை ஒட்டி விடுப்பு எடுப்பவர்களுக்கு அக்டோபர் தொடக்கத்தில் உத்தரகண்டின் வானம் துல்லியமாக இருக்கும். கங்கோத்ரிக் கோயில் தீபாவளியை அடுத்து நடை சாத்தப்படும்வரை ஊரில் தங்குமிடமும் உணவும் கிடைக்கும், அதன்பின் ஊரே ஏறத்தாழ வெறிச்சோடிவிடும். காஷ்மீரில் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அமர்நாத் யாத்திரையால் பஹல்காம் நெரிசலில் இருக்கும் என்பதால், தார்சருக்கு ஆகஸ்டு இறுதியோ செப்டம்பர் முதல் பாதியோ நல்லது.

காஷ்மீரைப் பற்றிப் பேசும்போது 2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமை அடுத்த பைசரனில் நடந்த தாக்குதலைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. இருபத்தாறு பேர் கொல்லப்பட்ட அந்நிகழ்வுக்குப் பிறகு பல சுற்றுலா இடங்கள் மூடப்பட்டுப் படிப்படியாகத் திறக்கப்பட்டன. எனவே தார்சரைத் தேர்ந்தெடுக்கிறவர், தாம் போகும் ஆண்டில் அந்தப் பாதைக்கு அனுமதி இருக்கிறதா என்பதைப் பஹல்காமில் உள்ளவர்களிடமே விசாரித்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் விமானச் சீட்டு எடுக்க வேண்டும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கலாம். கேதார்தால் கங்கோத்ரி தேசியப் பூங்காவுக்குள் இருப்பதால் வனத்துறையின் அனுமதிச் சீட்டு கட்டாயம்.

யாரோடு போவது என்பதையும் இந்த முடிவிலிருந்து பிரிக்க இயலாது. 2024 ஜூன் முதல் வாரத்தில், இதே உத்தரகாசி மாவட்டத்தின் உயரத்திலுள்ள சஹஸ்ரதால் ஏரிக்குச் சென்ற கர்நாடகக் குழு ஒன்று, திரும்பும் வழியில் பனிப்புயலில் சிக்கி ஒன்பது பேரை இழந்தது. நம்மைப் போலவே தெற்கிலிருந்து விடுப்பில் சென்றவர்கள் அவர்கள். மேலே உள்ள ஏரியைப் பகலில் பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பும் திட்டங்களில் நேரக் கணக்கே உயிர்க்கணக்கு. கேதார்தாலின் கடைசி நாளும் அத்தகையதுதான். ஆகவே நிறுவனத்திடமோ உள்ளூர் வழிகாட்டியிடமோ கேட்க வேண்டியவை இவை: எத்தனை மணிக்குள் ஏரியை அடையாவிட்டால் திரும்புவார்கள், ஒருவர் இறங்க நேர்ந்தால் அவரோடு இறங்கத் தனியாக ஓர் ஆள் இருக்கிறாரா, ஆக்சிஜன் உருளையை முகாமில் வைப்பார்களா உடன் கொண்டுவருவார்களா. தெளிவான பதில் சொல்லாதவர் கட்டணத்தை எவ்வளவு குறைத்தாலும் அவரோடு போகக் கூடாது. அசெட்டசோலமைடு மாத்திரையைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள்; அது உடல் பழகுவதை விரைவுபடுத்துகிறது என்பது உண்மைதான், ஆனால் சல்பா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மாத்திரை போட்டுக்கொண்டதால் ஓர் இரவைக் குறைக்கலாம் என்று எண்ணுவதும் தவறு.

என் தேர்வு இதுதான்: ஆகஸ்டு இறுதியிலோ செப்டம்பரிலோ போக முடிந்து, பாதையும் திறந்திருந்தால், முதல் பயணத்திற்குத் தார்சர். ஏரியும் சிகரமும் புல்வெளியும் சேர்ந்து கிடைக்கும் வழிகளில், உடலுக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் வேறொன்றை நான் அறியேன். மே மாதமோ அக்டோபரோ தவிர வேறு விடுப்பு இல்லையென்றால், அல்லது குழுவில் பிள்ளைகளோ அறுபதை நெருங்கியவர்களோ இருந்தால், தார்வா கணவாயையும் சேர்த்து டோடிதால். கேதார்தாலைத்தான் பார்க்க வேண்டும் என்று மனம் பிடிவாதமாக இருந்தால், முன்பே ஒருமுறை 3,800 மீட்டருக்கு மேல் உறங்கிப் பார்த்தவர்களாகச் சேர்ந்து, அக்டோபர் முதல் பாதியில் போகலாம். அப்போதும் உத்தரகாசியிலிருந்து நேராகக் கங்கோத்ரிக்கு ஏறாமல், சுமார் 2,600 மீட்டர் உயரமுள்ள ஹர்சிலில் ஓரிரவும், கங்கோத்ரியில் இரண்டு இரவுகளும் தங்க வேண்டும். இரண்டாவது பகலில், கோமுகம் போகும் வழியிலுள்ள போஜ்பாசாவுக்குச் செல்லும் பாதையில் சில கிலோமீட்டர் ஏறி நடந்துவிட்டுக் கங்கோத்ரிக்கே திரும்பலாம். இப்படிச் செய்தால் பயணம் இரண்டு நாள் நீளும். அத்துடன் சாலை அடைபட்டால் காத்திருப்பதற்கென்று இன்னும் ஒரு நாளை ஒதுக்கி, அதன் பிறகே தில்லியிலிருந்து திரும்பும் ரயிலுக்கோ விமானத்துக்கோ முன்பதிவு செய்ய வேண்டும். அத்தனை நாள் விடுப்பு இல்லாதவர்கள் அந்த ஆண்டு கேதார்தாலை விட்டுவிட்டு டோடிதாலுக்குப் போகலாம்.